மாடியில் குடியிருப்பவள்

எதையும் நினைக்கக் கூடாது என்று செண்பகவல்லி நினைத்தாள். அப்படி நினைப்பதையும் தலைமேல் கவிழ்ந்திருக்கும் இந்த வலை பதிந்துகொள்ளும் என்று உடனே தோன்றியது. பதியட்டும். என்னை ஒளித்துக்கொண்டு ஒரு அறைக்குள் நுழைந்துவிட்டுப் பிறகு வருஷம் முழுக்க ஒளிந்தே கிடப்பதா? காலையில் யாரோடும் பேசப் பிடிக்காதவள். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பவள். நன்றாக எழுதிக்கொள், வலையே.

"அசையாம இரும்மா, பதிவு கோணலா போயிடும்," என்றார் வீட்டுத் தரகர் இர்பான்.

நெட்டேரியில் அறை தேடும் எல்லோரும் இந்த நாற்காலியில் ஒரு முறையாவது உட்கார்ந்து எழ வேண்டும். ஏரியைச் சுற்றிக் கல்லூரிகள், கல்லூரிகளைச் சுற்றி வீடுகள் என்று வளர்ந்த நகரம் அது. முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். நீங்க என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா, யாரெல்லாம் வந்து போவாங்க, கல்யாணம் எப்போ. அப்படிக் கேட்பது குற்றம் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்த சில நாளிலேயே முன்வாழ்வி என்ற கருவியும் வந்துவிட்டது.

முன்வாழ்வி ஒரு கேள்வியும் கேட்காது. வலை பதிந்த மனத்தை வைத்து அந்த ஆளைப் போலவே ஒரு முன்குடியை உருவாக்கும். தான் ஒரு நகல் என்பது முன்குடிக்குத் தெரியாது. வீட்டின் நகலுக்குள் அது ஒரு வருஷம் குடியிருக்கும். வீட்டுக்காரர் காட்சிக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வருஷத்தைக் கூடவே இருந்து பார்ப்பார். வெளியே ஒரு பிற்பகல்தான் கழிந்திருக்கும். அவர் மனத்தில் மட்டும் ஒரு வருஷமாகப் பதியும். பிடித்திருந்தால் உண்மை ஆளைக் கூப்பிடுவார். பிடிக்காவிட்டால் 'பொருந்தவில்லை' என்று ஒற்றைச் சொல் வரும். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்று ஊரே மகிழ்ந்தது. எல்லோருக்கும் பொருத்தமான வீடு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கல்லூரிகள் தங்கள் விடுதிகளையும் மூடிவிட்டன.

செண்பகவல்லிக்குப் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றே வந்துகொண்டிருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்தவள், ஏரியின் அடிச்சேற்றுப் பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உறைவிடச் சான்று கொடுக்காவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இப்போதைக்குப் பேருந்து நிலையத்தில் பெண்கள் காத்திருப்பு அறையில், அவளைப் போலவே பொருந்தாமல் போன மற்றப் பெண்களோடு படுத்துக்கொண்டிருந்தாள்.

வலையைக் கழற்றியதும் தலைமுடியைக் கோதிக்கொண்டு கேட்டாள்.

"இதுவரைக்கும் பார்த்த வீட்டுலெல்லாம் நான் என்னண்ணே செஞ்சேன்?"

"நீ எங்கம்மா செஞ்சே? அது செஞ்சுது."

"சரி, அது என்ன செஞ்சுது?"

சொல்லக் கூடாது என்பது தொழில் விதி. இர்பான் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். வடகரை வீட்டில், மாடிக்கு மட்டும் ஏன் தண்ணீரை நிறுத்துகிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் தினமும் கேட்டிருக்கிறது. டாக்டர் வீட்டில், காய்ச்சலில் கிடந்த ஒரு தோழியைச் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டி வந்து அறையில் வைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு வீட்டில் ஒன்றுமே செய்யவில்லை. அது பார்க்கிற பார்வை சரியில்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம்.

ரொம்ப நாளாகப் பார்க்காத அக்காவைப் பற்றி யாரோ சேதி சொல்வதைக் கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் அவள் செய்யக்கூடியதுதான். செய்யாத காரியங்களுக்காகத் தன்னைத் தண்டிக்கிறார்கள் என்று இத்தனை நாள் கோபம் இருந்தது. இப்போது கோபத்தினூடே ஒரு திருப்தியும் எட்டிப் பார்த்தது. யாரும் பார்க்காதபோதும் அவள் அவளாகவே இருந்திருக்கிறாள்.

"பக்கத்துக் கடையில மனப்பயிற்சி குடுக்குறாங்க. போயிட்டு வாம்மா. அப்புறம் பாரு, உன் முன்குடி பசுமாடு மாதிரி இருக்கும்."

"அப்ப மாட்டைத்தானண்ணே வீட்டுல சேர்ப்பாங்க. எனக்கு என்ன வந்துது?"

இர்பான் சிரித்துவிட்டார். சிரித்தபடியே இந்தப் பதிவையும் வீடுகளுக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில், அவரே கூப்பிட்டார். கீழ்க்கரையில் சௌந்தர்யா என்கிற அம்மாள் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஒரு நாளைக்கூடத் தள்ளிவிடாமல் வருஷம் முழுவதையும் பார்த்தாராம். முடிந்ததும் மறுபடி, மறுபடி ஓட விட்டாராம். "என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்ல. எதிர்த்துப் பேசி கெடுத்துடாதே, தாயி," என்றார்.

ஏரியை ஒட்டியே நடந்து போனாள். எந்த வீட்டு வாசலிலும் வாடகைப் பலகை இல்லை. பட்டப்பகலில் மாடிகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மொட்டைமாடிக் கொடிகளில் ஒரு துண்டுகூடக் காயவில்லை. இத்தனை பெண்கள் குடியிருக்கும் தெருவில் யாருமே துவைப்பதில்லையா என்று நினைத்துக்கொண்டாள்.

அழைப்புமணியைத் தொடுவதற்குள் கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும், ஒல்லியான பெண்மணி. காட்சிக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கி விட்டிருந்தார்.

"வந்துட்டியா, செம்பா. காப்பி குடிக்கியா?"

செண்பகவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். செம்பா என்பது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். குடிக்கியா என்பது அவள் ஊர்ப் பேச்சு. இந்த ஏரிக்கரைப் பெண்மணி அதை அச்சு அசலாகச் சொன்னார், வேண்டுமென்று சொன்னதாகவும் தெரியவில்லை.

காப்பி வந்தது. சர்க்கரை இல்லாமல், அவள் விரும்புகிற கசப்பில். ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போனவளைச் சௌந்தர்யா தடுத்தார். செம்பா அங்கே உட்கார மாட்டாளாம், வெயில் கண்ணில் படும் என்று இந்தப் பக்கம்தான் உட்காருவாளாம். செண்பகவல்லி மாறி உட்கார்ந்தாள். உண்மைதான், இந்தப் பக்கம்தான் வசதியாக இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"ஆன்ட்டி, ரூமைப் பார்க்கலாமா?"

"ஆன்ட்டியா?" சௌந்தர்யாவின் முகம் சற்று வாடியது. "சித்தின்னுதான் கூப்பிடுவே."

"எனக்கு உங்களை நேத்துவரைக்கும் தெரியாதே, ஆன்ட்டி."

"உனக்குத் தெரியாது. எனக்கு மூணு வருஷம் ஆச்சு." அவர் புடவைத் தலைப்பை மடியில் நீவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பிகிட்ட பேசினியா?"

செண்பகவல்லி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். வீட்டை விட்டுப் போன தம்பி எங்கே இருக்கிறான் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டிருந்தான். அம்மா தினமும் அழுதபோதும் அவள் சொல்லவில்லை. அதை இந்த வீட்டில், ஏதோ ஒரு மாதத்தில், இந்தப் பெண்மணியின் எதிரில் உட்கார்ந்து அவளே சொல்லியிருக்கிறாள். முதலில் திருடு போனதுபோல இருந்தது. பிறகு வேறொன்று உறைத்தது. சொல்கிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? அன்பா? அல்லது பேசுவதற்கு இந்த ஒரு முகத்தைத் தவிர வேறு முகமே இல்லாமல் போய்விட்டதா?

"அவ வெளியே போவாளா, ஆன்ட்டி? சிநேகிதிங்களைப் பார்க்க?"

"முதல்ல போகணும் போகணும்னு கேட்டுட்டே இருந்தா." சௌந்தர்யா ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவே இல்லை. "அதைக் கொஞ்சம் குறைச்சுட்டேன். முன்வாழ்வியில அதுக்குத் திருகு இருக்கு. எல்லாரும் செய்யறதுதான். அந்தத் தண்ணி சண்டையைக் குறைச்சேன். கண்டவளைக் கூட்டிட்டு வர்றதைக் குறைச்சேன். அப்புறம் பாத்தா என்ன தங்கமான பொண்ணு நீ."

"இப்ப எங்கே இருக்கா?"

சௌந்தர்யா மேலே பார்த்தார். "படிச்சிட்டு இருக்கா."

மாடி அறை காலி இல்லை. செண்பகவல்லிக்கு அது மெல்லத்தான் புரிந்தது. ஏற்றுக்கொண்டேன் என்று செய்தி அனுப்பியது அவளைக் குடிவைக்க அல்ல. இந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான் என்று சௌந்தர்யா சாதாரணமாகச் சொன்னார். மாடியில் விளக்கு எரியும், பாத்திரம் சேராது, சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரும். உண்மைப் பெண்கள் கல்லூரிக்குச் சான்று வாங்கிக்கொண்டு எங்கேயோ தங்கிக்கொள்கிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

"ஒரே ஒரு காரியம்தான்," என்று ஒரு கையகலப் பலகையை மேசைமேல் வைத்தார். "குறைச்சது குறைச்சபடி இருக்கணும்னா நீ சம்மதிச்சு விரல் வைக்கணும், சட்டம் அப்படி. நீ படிக்கிறவரைக்கும் உறைவிடச் சான்று நான் தர்றேன். வாடகை ஒண்ணும் வேண்டாம்."

வெள்ளிக்கிழமை நாளைதான். ஒரு விரல் வைத்தால் போதும். இந்த ஆராய்ச்சி இடத்துக்காக அப்பாவோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள் அவள்.

"அவ ஆராய்ச்சி எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டாள்.

சௌந்தர்யா முதன்முறையாகத் தயங்கினார். "முடிஞ்சா கிளம்பிடுவாளே. அந்த அவசரத்தையும் கொஞ்சம்..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கா. தினமும் கொஞ்சம் படிக்கிறா. மறந்துடுறா. மறுபடி படிக்கிறா. சந்தோஷமா இருக்கா."

செண்பகவல்லி மாடிப்படியைப் பார்த்தாள். மேலே ஒருத்தி பாசியைப் பற்றிய முதல் பாடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறாள், தான் வெளியே போக விரும்பியதுகூட அவளுக்கு நினைவில்லை. பயமாக இருந்தது. அந்த மூன்று வருஷமும் தன் தலைக்குள்ளேயே நடந்து முடிந்ததுபோல இருந்தது.

"என்னையே வெச்சுக்கிட்டா என்ன, ஆன்ட்டி? நேர்ல வந்திருக்கேன்."

சௌந்தர்யா அவளை நிதானமாகப் பார்த்தார். சேறு படிந்த நகங்கள், பேருந்து நிலையத்துத் தூசி ஏறிய பை, நேராகப் பார்க்கும் கண்கள்.

"எத்தனை பொண்ணுங்க இந்த மாடியில இருந்திருக்காங்க தெரியுமா? எல்லாம் சித்தி சித்தின்னு உயிரை விடும். படிப்பு முடிஞ்சு போனா ஒரு போன் கிடையாது. நீயும் போயிடுவே."

"போவேன்தான்," என்றாள் செண்பகவல்லி. "போன் பண்ணுவேனான்னு தெரியாது. இருக்கறவரைக்கும் பொய்யா இருக்க மாட்டேன்."

அந்தப் பதில் சௌந்தர்யாவுக்குப் போதவில்லை. அது செண்பகவல்லிக்கும் தெரிந்தது. பொய்யாகவேனும் வேறு பதில் சொல்லியிருக்கலாம். மேலே இருப்பவள் சொல்லியிருப்பாள்.

"உன் சீட்டு போயிடும், செம்பா."

"தெரியும்."

"போனா என்ன பண்ணுவே?"

"தெரியல."

சௌந்தர்யா பலகையை அவள் பக்கம் தள்ளினார். அவர் கண் கலங்கியிருந்தது. யாருக்காக என்று சொல்ல முடியவில்லை. "சம்மதத்துக்கு இன்னைக்குச் சாயங்காலத்தோட கெடு முடியுதுடி. நீ விரல் வைக்கலைன்னா நான் குறைச்சதெல்லாம் திரும்ப வந்துடும். மறுபடி வெளியே போகணும்பா. எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேப்பா. அவளும் உன்னைய மாதிரியே ஆயிடுவா."

"ஆகட்டும், ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லி இரண்டு கைகளையும் மடியில் கோத்துவைத்துக்கொண்டாள்.