மூன்று சத்தமும் ஒரு மௌனமும்

மழை சொல்லிக்கொண்டா வருகிறது? மாலை ஆறு மணி, அலுவலகம் விட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டது. கைத்தடியும் தோள்பையுமாக அவள் ஓடாத குறையாக ஒதுங்கிய கொட்டகை, ஒரு குதிரையேற்றப் பள்ளியுடையது.

உள்ளே பயிற்சியாளன் நீண்ட கயிற்றில் ஒரு செம்பழுப்புக் குதிரையை வட்டமாக ஓடவிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்... கருகருவென்ற, சிரிக்கத் தயாராக இருந்த கண்கள். அவள் சட்டென்று மழையைப் பார்த்தாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலத்தான். அகராதி அலுவலகத்தில் அவள் மேசையில் பத்து நாளாக ஓர் ஆங்கிலச் சொல் அசையாமல் கிடக்கிறது: கேண்டர். பழைய அகராதி 'குதிரையின் ஓட்டம்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

பையிலிருந்து அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுத வேண்டிய அட்டையை எடுத்தாள்.

"ஏங்க... கேண்டர்னா என்ன?"

"நடந்தா நாலு சத்தம் கேக்கும். நாலுகால் பாய்ச்சல் உங்களுக்கே தெரியும். இது நடுவுல. மூணு சத்தம்... அப்புறம் ஒரு சின்ன மௌனம். அந்த நேரம் நாலு காலும் தரையில இருக்காது."

நாக்கைச் சொடுக்கினான். குதிரை ஓட்டத்தை மாற்றியது. டக், டக், டக்... டக், டக், டக்...

"கேட்டுச்சா? இப்ப நீங்க உள்ள வந்தீங்களே, அதே மாதிரி."

தடி, கால், கால். ஒன்பது வயதுக் காய்ச்சல் சூம்ப வைத்துவிட்டுப் போன இடது கால். பள்ளியில் கிண்டல் செய்தவர்கள்கூட அவளைக் குதிரையோடு சேர்த்ததில்லை.

"ரொம்ப நன்றிங்க," என்றாள். கொட்டும் மழையிலேயே இறங்கி நடந்தாள்.

அவள் அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். எட்டிப் பார்க்க ஈ காக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணி கேட்கும் "சாப்பிட்டியா?"தான் வாரத்துக்கு ஒரு குரல். அன்று அவள் அழுதாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் உதறியிருப்பாள்... அந்தக் கண்கள் பிடித்துப்போன பிறகு சொன்னதுதான் வலித்தது. மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

ஐந்தாம் நாள் அவன் அலுவலகத்துக்கே வந்து நின்றான். கையில் அவள் தவறவிட்ட அட்டை. அதில் அலுவலக முகவரி அச்சாகியிருந்தது.

"தபால்ல போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். மன்னிப்பு கேக்கணுமே..."

"நொண்டின்னு நேராவே சொல்லியிருக்கலாம்."

அவன் முகம் வாடிப்போனது. "நொண்டுற குதிரையை எனக்குத் தெரியாதாங்க? அது காலை ஊனவே பயப்படும். நீங்க பயப்படல. கேண்டர்ல போற குதிரை மேல உக்காந்தா தொட்டில்ல ஆட்டுற மாதிரி இருக்கும். அதைவிட நல்ல நடை எனக்குத் தெரியாது. நாள் முழுக்க குதிரைங்ககிட்டயே பேசுறவன்... பாராட்டக்கூட அதுங்க பாஷையிலதான் வருது."

"அதுங்க திருப்பிப் பேசாததால தப்பிச்சீங்க."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வீம்பு விடவில்லை. "சரி, அட்டை வந்துருச்சு. போயிட்டு வாங்க."

கதவு வரை போனவன் நின்றான்.

"தினமும் ஆறு மணிக்கு கொட்டகை வாசல்ல வந்து நிக்கிறேங்க. மூணு சத்தம் கேக்குமான்னு... நாலு நாளா அந்த மௌனம் மட்டும்தான் கேக்குது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

தன்னைப் போலவே இன்னொருவரும் தனியாக நிற்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. பேனாவை எடுத்து, மழையில் மை கலங்கிய அட்டையில் பொருளை எழுதினாள். கீழே 'எடுத்துக்காட்டு' என்ற இடம் காலியாக இருந்தது. அங்கேயும் ஒரு வரி எழுதி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

'நாளை மாலை ஆறு மணிக்கு அவள் கேண்டரில் வருவாள்.'