சூடாறாத கோதுகள்

புளித்தண்ணீருக்குள் விட்ட கையை விமலராணி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுட்டது. குழாயில் பிடித்தது நவம்பர் மாதத்துப் பச்சைத்தண்ணீர். ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் ஊரில் அவள் வீட்டின் நிலக்கீழ் அறையில் ஹீட்டர்கூடப் போடவில்லை.

வாளிக்குள் கிடந்தவை சுட்டு முடிந்த பித்தளைச் சன்னக் கோதுகள், துப்பாக்கிக் குண்டின் வெற்று உறைகள். மகன் ஸ்ரிபன் சுடும் கழகத்தில் பொறுக்கி வருவான். கழுவிக் காயவைத்து, வெடிமருந்து அடைத்து, திரும்பவும் சுடுவான். எந்தச் சனியனுக்குப் பயந்து மன்னாரிலிருந்து ஓடிவந்தாளோ, அதையே பிள்ளை வாளி வாளியாக வீட்டுக்குள் கொண்டுவருகிறான். தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா? கேட்டால், “இது வெறும் ஸ்போர்ட், அம்மா” என்று டேனிஷில் சொல்லுவான்.

இன்று மரித்தோர் திருநாள். தம்பி கிறிஸ்துநாயகத்துக்கு மெழுகுதிரி கொளுத்தும் பித்தளைத் தண்டுகளைப் புளி போட்டு மினுக்கினாள். புளியை ஏன் வீணாக்க வேண்டும் என்று கோதுகளையும் அதே தண்ணீருக்குள் கொட்டினாள். கை தேய்க்க, வாய் தன்பாட்டில் தம்பியின் பெயரைச் சொல்லிச் செபித்துக்கொண்டிருந்தது. அவனை மன்னார்க் கடற்கரையில் முழங்காலில் இருத்தித்தான் சுட்டார்கள், பாவிகள், முதுகில்.

ஒரு கோதை மூக்கருகே பிடித்தாள். புளி மணக்கவில்லை. இப்போதுதான் எரிந்த மருந்தின் காந்தல், அதற்குள்ளே உப்புக்காற்று, வெயிலில் காயும் கருவாடு, யாருடையதோ வியர்வை, எல்லாம் ஒன்றாக எழும்பின.

மேலே மரத்தரையில் ஏதோ விழுந்து உருண்டது.

“ஸ்ரிபன்?”

“ஓம், அம்மா.”

அவன் ஒருநாளும் ஓம் சொன்னதில்லை. டேனிஷில் ‘யா’ என்பான்.

இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. கோது விழும் சத்தம் அவளுக்குத் தெரியாதா? வெடிச்சத்தம் மட்டும் இல்லை.

“மோனை, துவக்கை எடுத்தனியே?”

“இல்லை அம்மா. அது அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. ஆரோ என்னை முழங்காலில இருக்கச் சொல்லினம்.”

“மாதாவே, என்ரை பிள்ளை!”

படியில் விழுந்தெழும்பி ஓடினாள். அவன் அறைக்கதவு திறந்திருந்தது.

ஸ்ரிபன் சுவரைப் பார்த்தபடி முழங்காலில். கைகள் பிடரியில். துவக்கு இல்லை. வேறு ஆள் இல்லை. அவனுக்குப் பின்னால், வெறும் காற்றிலிருந்து, மினுமினுத்த கோதுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொன்றும் விழ, அவன் சட்டை முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு. விரிந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

“அம்மா, இப்ப பின்னால நிக்கிறது நீங்கள்தானே?”

வாய் திறந்தாள். வந்தது தம்பியின் பெயர்தான்.

அடுத்த கோது விழுந்தது.