புளி ஊற்றிய சொதி

உலகம்மை பல் துலக்கி முடிப்பதற்குள் ஊரில் பாதிப் பேருடைய பதிவுகளைப் படித்து, நாலைந்து இடத்தில் கண்கலங்கி, இரண்டு பிறந்தநாள் வாழ்த்தும் ஓர் ஆழ்ந்த இரங்கலும் தெரிவித்து முடித்திருந்தாள். யாருக்கு வாழ்த்து, யாருக்கு இரங்கல் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் கடுகளவு இருந்த பதிலி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

செவ்வாயின் தரைக்கு அடியில் குடைந்த செங்கொற்கைக் குடியிருப்பில் பதிலி இல்லாத ஆள் கிடையாது. அது வந்த கதை வேடிக்கையானது. வானம் பார்க்க வழியில்லாத சுரங்கத்தில் சனங்களுக்கு மனம் புழுங்குகிறது என்று வைத்தியர்கள் ஆளுக்கொரு நாட்பதிவு எழுதச் சொன்னார்கள். எழுதி, 'சுவர்' என்று பெயர் வைத்த பொதுத்திரையில் ஒட்டிவிட வேண்டியது. மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் எழுதினவர்கள் சும்மா இருப்பார்களா? வாசகர்களைத் தேட ஆரம்பித்தார்கள். "உன் பதிவுக்கு நான் வந்தேன், என் பதிவுக்கு நீ வந்தியா?" என்று சாப்பாட்டுக் கூடத்தில் முகத்தைத் திருப்பினார்கள். பேசி முடித்த ஒரு சம்பந்தம்கூடப் பின்னூட்டம் வரவில்லை என்று முறிந்துபோனது. கடைசியில் நிர்வாகம் கணினிக்கு நிரல் எழுதும் உலகம்மையைக் கூப்பிட்டது.

"எல்லாரும் எழுதட்டும். யாரும் படிக்க வேண்டாம். ஆனா எல்லாருக்கும் பின்னூட்டம் போகணும். முடியுமா?"

"முடியும்," என்றாள் உலகம்மை. முடியாது என்று சொல்ல அவள் தொழிலில் யாருக்கும் பழக்கமில்லை.

"இன்னொண்ணு. படிச்சா ஆளுக்குக் கோபம் வரும்னு தெரிஞ்ச பதிவுக்கு மட்டும் பதிலி தானா பதில் சொல்லக் கூடாது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டிரணும்."

"அது எதுக்கு?"

"அன்புக்கு ஆள் தேவையில்லம்மா. சண்டைக்கு ஆள் வேணும். கோபம் வந்தாத்தான் சனங்க சுவர் முன்னாடி நிப்பாங்க. நின்னாத்தான் நாங்க சொல்ற அறிவிப்பெல்லாம் கண்ணுல படும்."

அதற்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்தாள், பிறகு மறந்துபோனாள்.

ஊருக்கெல்லாம் பதிலி செய்து கொடுத்தவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மற்றவர்கள் பதிவுக்குத்தான் பதிலி பதில் சொல்கிறது, தன்னுடையதை மட்டும் ஆட்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று. 'நிரலும் நானும்' என்று தலைப்பு வைத்து அவள் தினமும் எழுதினாள். 'நேற்று முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்தேன். கடைசியில் அகப்பட்டது. எழுதியவள் நான்தான்' என்கிற மாதிரி. 'நிரலும் நானும் படிக்காமல் என் நாள் விடிவதில்லை' என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டே அவள் பல அலுப்பான வேலைநாட்களைத் தள்ளியிருக்கிறாள்.

அன்றைக்கு அவளுக்கு மூன்றாம் கதிரில் வேலை. குடியிருப்பின் நடுவிலிருந்து சக்கரத்து ஆரக்கால்போல் பிரிந்து போகிற சுரங்கங்களுக்குக் கதிர் என்று பெயர். மூன்றாம் கதிரில் வீடுகள் இல்லை. நடுவில் விதைக்கிடங்கு, கடைசியில் காற்றைச் சுத்தம் செய்யும் வளியறை, அவ்வளவுதான். கிடங்கு வாசலில் அதன் காவலர் மாசிலாமணி உள்ளே போவதற்காகக் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார். ஊரிலேயே கவிதையாக நாட்பதிவு எழுதுகிற ஒரே ஆள்.

"ஏட்டி உலகு, நேத்து எழுதுனத வாசிச்சியா?"

"வாசிக்காமலா? பின்னூட்டம்கூடப் போட்டேம்லா."

"பாத்தேன், பாத்தேன். நீ ஒருத்திதான் வரி வரியா வாசிக்க." மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. உலகம்மை பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். அவர் கவிதை ஒன்றையாவது அவள் கண்ணால் பார்த்துப் பல காலம் ஆகிறது.

வளியறைக் கதவுக்கு அவள் புதிய நிரல் ஏற்ற வேண்டும். முறைப்படி பார்த்தால், மேசையில் இருக்கும் நகல் கதவில் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உண்மைக் கதவைத் தொடவேண்டும். 'ஒரு வரி மாற்றம். இதுக்குப் போய் நகலா?' என்று நினைத்தாள். நிரல் எழுதுகிறவர்களின் அழிவெல்லாம் இந்த 'ஒரு வரி'யில்தான் தொடங்குகிறது. அறைக்குள் நின்றுகொண்டே புது வரியை ஏற்றி, கதவை ஒத்திகை நிலைக்கு மாற்றினாள். கதவு அமைதியாக மூடிக்கொண்டது. காற்றுக் குழாயின் வாயும் அடைத்துக்கொண்டது.

"சரி, திற," என்றாள்.

"ஒத்திகைக் கட்டளை பெறப்பட்டது. நன்றி," என்றது கதவு.

"ஒத்திகைய முடி."

"ஒத்திகையை வெளியில் இருப்பவரே முடிக்க முடியும். உள்ளே இருப்பவர் ஒத்திகையின் ஒரு பகுதி. நன்றி."

"எனக்குக் காத்து இல்ல! நெசமாத்தான் சொல்லுதேன்!"

"'நெசமாத்தான்' என்பதும் ஒத்திகையில் சேர்க்கப்பட்டது. நன்றி."

கதவோரம் இருந்த அவசரப் பொத்தானை அழுத்தினாள். மீட்புக்குழுவுக்குப் போகவேண்டிய மணி கதவு வழியாகத்தான் போகும். "அவசர ஒத்திகை வெற்றிகரமாக முடிந்தது. யாரையும் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்று பதியப்பட்டது. நன்றி." ஆளுக்கு ஆள் பேசும் இணைப்பும் அதே வழிதான், அதற்கும் நன்றிதான் கிடைத்தது. ஒவ்வொரு பதிலின் முடிவிலும் நன்றி சொல்லவேண்டும் என்று மரியாதைக்காகச் சேர்த்ததும் அவளேதான்.

காற்றின் அளவைக் காட்டும் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. கதவின் வெளிப்பக்கம் ஒரு கைச்சக்கரம் உண்டு. சின்னப் பிள்ளை திருகினாலும் திறந்துவிடும். திருக ஓர் ஆள் வேண்டும்.

கதவைத் தாண்டிப் போகிற வழி ஒன்று பாக்கி இருந்தது. பதிலி நேராகச் சுவரோடு பேசும். நாட்பதிவை யாரும் பெரிய காரியமாக நினைக்காததால், அதை ஒத்திகையில் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகம்மை அவசரமாக எழுதினாள்.

'மூன்றாம் கதிர் வளியறையில் மாட்டிக்கொண்டேன். கதவு திறக்கவில்லை. காற்று குறைகிறது. யாராவது உடனே வாருங்கள்.'

கண்மூடித் திறப்பதற்குள் பின்னூட்டங்கள் குவிந்தன.

'அருமை!'

'நெஞ்சைத் தொட்டது சகோதரி.'

'நாம் எல்லாருமே ஏதோ ஓர் அறைக்குள்தானே இருக்கிறோம்?'

'கதவு என்ற குறியீடு அபாரம்.'

'தொடருங்கள், அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறேன்.'

'இது கதை இல்லை. செத்துப்போவேன். ஐயோ, யாராவது வாங்களேன்' என்று எழுதினாள்.

'முடிவு எதிர்பாராதது. வாழ்த்துகள்!'

வரிசையாக ஏறிக்கொண்டே வந்த பின்னூட்டங்களுக்கு நடுவில் அந்த வரியும் வந்தது: 'நிரலும் நானும் படிக்காமல் என் நாள் விடிவதில்லை.' இந்த முறை உலகம்மைக்கு அது அடையாளம் தெரிந்தது. பதிலி செய்த காலத்தில், தொழில் அனுபவம் எழுதுகிறவர்களுக்கு என்று அவள் எழுதிவைத்த வார்ப்பு வரி அது. தலைப்பை மட்டும் அந்தந்த இடத்தில் பொருத்திக்கொள்ளும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு முட்டியது காற்றில்லாததால் மட்டும் இல்லை. இத்தனை காலம் ஆளில்லாத ஊரில் நின்று கதை சொல்லியிருக்கிறாள். அவள் எழுதியதற்கு அவளே பதில் சொல்லி, அவளே குளிர்ந்திருக்கிறாள். இந்த அறை இன்றைக்குத்தான் மூடியது என்று எப்படிச் சொல்ல?

விளக்கின் மஞ்சளில் சிவப்பு கலக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த மறந்துபோன வரி நினைவுக்கு வந்தது. சண்டைக்கு ஆள் வேணும்.

யாரைத் திட்டலாம்? நிர்வாகத்தைத் திட்டினால் ஒருவருக்கும் கோபம் வராது. அது எல்லாரும் செய்கிறதுதான். கடவுளைத் திட்டலாம் என்றால், இந்த ஆழத்தில் அவரை நினைக்கிறவர்களே குறைவு. கண் இருட்டிக்கொண்டு வந்தது. செங்கொற்கையில் குடியேறினவர்கள் முக்கால்வாசி திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் வளர்த்த தேங்காய்ப்பாலில் சொதிக் குழம்பு வைத்து எலுமிச்சை பிழிந்தால், வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள். உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

'சொதிக்குப் புளி கரைத்து ஊற்றுவதுதான் முறை. எலுமிச்சை பிழிவது சோம்பேறிகள் கொண்டுவந்த வழக்கம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் தேவையில்லை. மறுப்பவர்களுக்குத் துணிவிருந்தால் நேரில் வந்து பேசட்டும். மூன்றாம் கதிர், கடைசி அறை. கதவு இறுக்கமாக இருக்கும். வெளிச்சக்கரத்தைத் திருகிவிட்டு வரவும்.'

சுவர் அடங்கிப்போனது. ஓர் 'அருமை'கூட வரவில்லை. செங்கொற்கை முழுவதும் பதிலிகள் தங்கள் ஆட்களைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தன. பிறகு வந்தன, எழுத்துப்பிழையோடு, மனிதர்கள் கையால் அடித்த எழுத்துகள்.

'யாரு நீ?'

'எந்த ஊருக்காரி இவ?'

'அங்கயே இரு. வாரேன்.'

அவளுக்கு அழுகை வந்தது. எத்தனை இனிமையான சொல், வாரேன் என்பது!

சுரங்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் தலை முழங்காலில் சரிந்திருந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. கதவு திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. வாசலில் நீர்ப்பிரிவுக்காரி சங்கரவடிவு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"புளியா? சொதிக்கா? ஏட்டி, ஒங்க வீட்ல யாரும் நாக்கோட பொறக்கலியா?"

உலகம்மை தவழ்ந்து போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா."

"அதெல்லாம் இருக்கட்டும். புளியா எலுமிச்சையா? மொதல்ல அதச் சொல்லு."

"எலுமிச்சைதாங்க்கா. சத்தியமா எலுமிச்சைதான்."

"பெறகு என்னத்துக்கு அப்படி எழுதின?"

"காத்தில்லாமச் சாகப்போறேன்னு எழுதினேன். ஒருத்தரும் வரலியே. நீங்ககூட 'குறியீடு அபாரம்'னு போட்டிருந்தீங்க."

"நானா?" என்ற சங்கரவடிவின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. அங்கே மெல்லத் தடவிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். வந்த காரியம் முடிந்துவிட்டதைக் கவனிக்காமல், இஞ்சிப் பச்சடியில் வெல்லம் சேர்க்கலாமா கூடாதா என்று தங்களுக்குள்ளேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அது கெடக்கு," என்றாள் சங்கரவடிவு. "வார வழியில விதைக்கிடங்கு கதவுலயும் 'ஒத்திகை'ன்னு எரியுதே, அதுவும் ஒன் வேலதானா?"

உலகம்மைக்கு உள்ளே வந்த காற்று திரும்பவும் நின்றது. அவள் மாற்றிய அந்த ஒரு வரியில் அறையின் பெயருக்குப் பதிலாகக் கதிரின் பெயரை எழுதியிருந்தாள். மூன்றாம் கதிரின் கதவுகள் எல்லாமே ஒத்திகையில் இருக்கின்றன. கிடங்கில் காற்று நிறைய உண்டு. ஆனால் விதைகளுக்காக வைத்த அந்தக் குளிர், மனிதர்களுக்கு ஆகாது.

மாசிலாமணியின் நாட்பதிவைத் திறந்தாள். உள்ளே மாட்டிக்கொண்டதிலிருந்து பதிவுமேல் பதிவாக எழுதியிருந்தார். அந்த நிலையிலும் மனிதர் கவிதையாகத்தான் எழுதியிருந்தார். முதல் பதிவின் கீழே, எல்லாருக்கும் முந்திக்கொண்டு, அவள் பெயரில் ஒரு பின்னூட்டம்: 'மாசிண்ணே, கடைசி வரி உறைய வைத்துவிட்டது. இப்படியே எழுதிக்கொண்டிருங்கள்.'

காதுக்குப் பின்னால் நகம் பதிய அழுத்திப் பதிலியை அணைத்தாள். அவர் எழுதியதைப் படிக்க நிற்கவில்லை. பச்சடிக்காரர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

சக்கரம் பனியில் இறுகிப்போயிருந்தது. சங்கரவடிவும் கூடச் சேர்ந்து திருகினாள். உள்ளே, சாக்கு மூட்டைகளுக்கு நடுவில், தலையிலும் தோளிலும் சாக்கைப் போர்த்திக்கொண்டு மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். புருவத்தில் வெள்ளையாகப் பனி. உதடு நீலம் பாரித்திருந்தது. உயிர் இருந்தது.

"அண்ணே!" உலகம்மை அவர் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். "மன்னிச்சிருங்கண்ணே. எல்லாம் என்னாலதான். கதவ நாந்தான் பூட்டினேன். பின்னூட்டம் போட்டதும்..."

அவர் தலையை ஆட்டி நிறுத்தினார். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. ஏதோ சொல்ல முயன்றார். சங்கரவடிவு, "வெந்நி கொண்டாரேன்," என்று ஓடினாள்.

"பேசாதீங்கண்ணே, பெறகு பேசலாம்."

"இல்ல... ஒண்ணே ஒண்ணு கேக்கேன்." மாசிலாமணி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரி ஒறைய வச்சிருச்சின்னு... எழுதியிருந்தியே."

"ஆமாண்ணே."

"நெசமாவா?"

அவருடைய கண்கள் அவள் முகத்தை விட்டு அகலவில்லை. அந்த வரி என்னவென்று உலகம்மைக்குத் தெரியாது. பதிலியை அவள் வழியிலேயே அணைத்துவிட்டாள். பதில் சொல்ல அங்கே அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"அருமைண்ணே," என்றாள்.

மாசிலாமணியின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓட ஆரம்பித்தது.