முப்பத்தோரு குளிர்காலத்து ஆல்டர் காய்கள்

“பலகை எத்தனை நாள் குளத்துல கெடந்துச்சு, ஆர்னால்டு?” கை நிறையக் களிமண்ணோடு நின்று வின்னி கேட்டாள்.

“நீ சொன்னபடி அஞ்சு நாள். போலீஸ்காரனையே சந்தேகப்படுறியா?”

“முதல்ல சந்தேகப்பட வேண்டியதே அவனைத்தானே!” என்று சிரித்தாள்.

உண்மையில் இரண்டே நாள்தான். மீன் பிடிக்கிற மும்முரத்தில் பலகையைக் குளத்தில் இறக்கவே ஆர்னால்டு மறந்திருந்தார். வருடாவருடம் ஊர் ஊற்றை அலங்கரிக்க, குளத்தில் ஊறிய பலகையில் களிமண் பூசி, அதில் பூவிதழ்களைப் பதித்துப் படம் செய்வார்கள். சரியாக ஊறாத மரம் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. ஊற்றை ஆசீர்வதிக்கும் நாளில், பூவிதழ்களால் செய்த படம் முழுவதும் வெடித்து உதிர்ந்தது. மண் குழைத்தவள் வின்னி ஹீத்கோட். பழி அவள் மேல் விழுந்தது. ஆர்னால்டு வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அலங்காரக் கொட்டகைப் பக்கம் வின்னி வரவேயில்லை.

முப்பத்தோரு வருடம் ஆகிவிட்டது. இப்போதும் ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்கும். அந்தச் சனிக்கிழமையும் கேட்டுக்கொண்டிருந்தது, அலங்காரக் குழுத் தலைவி மியூரியல் டேகின் கதவைத் தட்டும்வரை.

“யாரோ நம்ம பலகையில கை வச்சுட்டாங்க, ஆர்னால்டு! நேத்து நாலு மணிக்கு எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தோம். கொட்டகை திறந்தே கெடந்துச்சு. காலையில ஈரத்துணியை எடுத்துப் பார்த்தா, ஒரு மூலையையே பிரிச்சு வேற ஒட்டி வச்சிருக்கு!”

“யார் மேல சந்தேகம்?”

“வேற யாரு, லண்டன்லேர்ந்து வந்த கிரெக்தான். படத்துல ஆத்துக்கு வேற நீலம் போடணும்னு எங்கிட்ட மல்லுக்கு நின்னான். பதினோரு மணிக்குப் பாதிரியார் ஊற்றை ஆசீர்வதிக்க வந்துடுவார். அதுக்குள்ள பேரைச் சொல்லுங்க. அந்த ஆளு இனிமே கொட்டகை வாசப்படி மிதிக்கக் கூடாது.”

கடிதம் கொடுக்க வந்த தபால்காரி பெரில் பையைக் கீழே வைத்துவிட்டாள். “நானும் வர்றேன். தபால் எங்கே ஓடிடப் போகுது?”

கொட்டகையில் ஆர்னால்டு மண்டியிட்டுப் பார்த்தார்.

“கைரேகை எடுக்கலாமா?” என்றாள் பெரில்.

“களிமண் பூரா ஊரோட கைரேகைதான், பெரில்.”

மாற்றப்பட்டது உள்ளங்கை அகலம்தான். பிரித்த பழைய இதழ்கள் ஒரு தட்டில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. மற்ற இடமெல்லாம் படத்தின் ஓரக்கோடு காப்பிக்கொட்டையில் இருக்க, இங்கே மட்டும் ஆற்றோர ஆல்டர் மரத்தின் சின்னச் சின்னக் கறுப்புக் காய்கள். அங்கிருந்த களிமண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். மண் காயாமலிருக்கக் கலக்கும் உப்பு சரியாக இருந்தது; நல்ல ஈரம். அதன் விளிம்பில், மரச்சட்டத்தை ஒட்டி, மயிரிழை போல ஒரு விரிசலின் வால் மிச்சமிருந்தது.

“பலகையை எத்தனை நாள் ஊற வச்சீங்க, மியூரியல்?” என்று எழுந்துகொண்டே கேட்டார்.

மியூரியலின் முகம் சிவந்தது. “மூணு நாள். யார் கவனிக்கப் போறாங்கன்னு...”

“இந்தக் காயை நான் பார்த்திருக்கேனே! ஆத்தோரக் கடைசி வீட்டு ஜன்னல்ல, ஒரு கிண்ணம் நிறைய” என்றாள் பெரில். “கிறிஸ்துமஸ் ஜோடனையாக்கும்னு நெனைச்சேன்.”

அது யார் வீடு என்று ஆர்னால்டு கேட்கவில்லை. பெயரைச் சொல்லாமலே கிரெக்கைக் காப்பாற்றிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். முப்பத்தோரு வருடமாக யோசித்தது போதாதா?

“போய் அவளைக் கூட்டிட்டு வா, பெரில்.”

பத்தரை மணிக்கு எல்லோரும் கூடினார்கள். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவள் போல, கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி வின்னி வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

“நாசம் பண்றவன் பழைய இதழைத் தட்டுல எடுத்து வைக்க மாட்டான்” என்று ஆரம்பித்தார் ஆர்னால்டு. “அப்புறம், மழைத்தண்ணி வழிஞ்சு ஓடுற மாதிரி, ஓடு வேயற கணக்கா கீழேர்ந்து மேலே ஒட்டியிருக்கு. இது வேலை தெரிஞ்ச கை.”

“அது எனக்கும் தெரியுமே” என்றான் கிரெக் வெள்ளந்தியாக.

“உன் வாயே உன்னை மாட்டி விட்டுடும் போலிருக்கு” என்றாள் பெரில்.

“ஆனா அவனுக்குக் காப்பிக்கொட்டைதான் தெரியும்” என்று தொடர்ந்தார் ஆர்னால்டு. “நாம ஆல்டர் காயை விட்டு இருபத்தஞ்சு வருஷமாச்சு. அதைக் குளிர்காலத்துல பொறுக்கி வைக்கணும். யாரும் கேக்காமலே ஒருத்தர் பொறுக்கி வச்சிருக்காங்க. பலகை சரியா ஊறாததால வந்த விரிசல், நம்ம யார் கண்ணுலயும் படாதது, அவங்க கண்ணுல பட்டிருக்கு. ஏன்னா, ஒரு தடவை அதால அடிபட்ட கண்ணு அது. பலகையைக் கெடுக்கல, மியூரியல். காப்பாத்தியிருக்காங்க.”

“முப்பத்தோரு குளிர்காலம் பொறுக்கினேன்” என்றாள் வின்னி மெதுவாக. “என்னிக்காவது கூப்பிடுவீங்கன்னு. நேத்து சும்மா எட்டிப் பார்த்தேன். விரிசலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல; ஓடிப்போய்க் காயை எடுத்துட்டு வந்துட்டேன்.”

மியூரியல் திகைத்துப் போனார். “அப்போ... அன்னிக்கும் தப்பு உங்க களிமண்ணுல இல்லையா?”

வின்னி ஆர்னால்டைப் பார்த்தாள்.

“அன்னிக்கே பலகையோட பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஆர்னால்டு. காஞ்சு கெடந்துச்சு. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.”

ஆர்னால்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தார்.

“ரெண்டே நாள்தான், வின்னி. அஞ்சு நாள்னு பொய் சொன்னேன்” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “என்னை மன்னிப்பியா?”