சூட்கேஸில் ஒரு காலி டப்பா

காலை 9.05.

வழியனுப்பும் பரிசை உள்ளே வைக்கத்தான் வீட்டுக்காரம்மாள் மாணவியின் சூட்கேஸைத் திறந்தாள். துணிகளுக்கு மேலே அந்தம்மாளின் அப்பாவுடைய கைக்கடிகார டப்பா கிடந்தது. உள்ளே கடிகாரம் இல்லை.

மொழி பழக வெளிநாடு வந்த இருபது பிள்ளைகள், மூன்று வாரம் ஆளுக்கொரு வீட்டில் தங்கிவிட்டு, பத்து மணி பஸ்ஸில் கிளம்ப வேண்டும். பத்தொன்பது பேர் ஏறிவிட்டார்கள். பஸ் வாசலிலேயே நின்றதால், 'திருடி' என்று வீட்டுக்காரம்மாள் போட்ட கூச்சல் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கடிகாரம் வராவிட்டால் போலீஸ்தான் என்றாள். மாணவி வெளிறிப்போய் நின்றாள்.

கூட வந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் சிவப்பு மை. அவள் கண்ணில் எந்தப் பிழையும் தப்பாது. ஆனால் பிழை செய்யாத பிள்ளையை அவள் ஒருநாளும் தண்டித்ததில்லை.

9.20. டீச்சர் மாணவி தங்கியிருந்த மாடி அறையை அலசினாள். கட்டில், மேஜை, மூடிய ஜன்னல். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் நாற்பதே நிமிடம்.

9.25. விசாரணை. டப்பாவை நேற்று இரவு தன் அலமாரியில் பார்த்ததாக வீட்டுக்காரம்மாள் சொன்னாள். ஏழரையிலிருந்து எட்டரைவரை அவளும் மாணவியும் கீழே ஒன்றாகச் சாப்பிட்டார்கள். நேற்று மாலைதான் வந்த அவள் தம்பி, கடிகார ரிப்பேர்க்காரர், அந்த நேரம் ஹாலில் ஷேவ் செய்துகொண்டிருந்தாராம். மாடிப்படியை மிதிக்கவே இல்லையாம்.

கடைசியாக மாணவி.

"எத்தனை மணிக்கு எழுந்தே?"

"அம்மா வேலைக்குக் கிளம்புற நேரத்துக்கு, டீச்சர். ரூம் கடிகாரத்துல நம்ம ஊர் நேரம்தான் வச்சிருக்கேன். ஆன்ட்டிக்கும் தெரியும்."

"இன்னிக்கு அதைத் திருப்பி மாத்தினியா?"

"இல்லையே."

9.40. டீச்சர் எல்லோரையும் மாடிக்கு அழைத்துச் சுவரைக் காட்டினாள்.

"மூணு வாரமா மூணரை மணி நேரம் கூடுதலா ஓடின கடிகாரம், இன்னிக்கு நொடி பிசகாம சரியா இருக்கு. இவ மாத்தல. உங்களுக்குக் காரணம் தெரியும், மேடம், அதனால நீங்களும் தொடல. விஷயம் தெரியாத ஒருத்தர், தப்பா ஓடுற கடிகாரத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காத ஒருத்தர், சூட்கேஸ்ல டப்பாவைப் போட வந்த இடத்துல முள்ளைத் திருத்திட்டுப் போயிருக்கார். உங்க பையைத் திறங்க, சார்."

தம்பி மெதுவாகப் பையைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு கைக்கடிகாரங்கள் இருந்தன. பதினொன்றில் ரிப்பேருக்குக் கொடுத்தவர் பெயர்ச்சீட்டு தொங்கியது. ஒன்றில் இல்லை.

"அப்பா தொழிலை எனக்குக் கத்துக்கொடுத்தார்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "கடிகாரத்தை அக்காவுக்குக் கொடுத்துட்டார்."

வீட்டுக்காரம்மாள் கடிகாரத்தை வாங்கக் கை நீட்டவில்லை. தான் வருந்துவதாக மாணவியிடம் சொல்லும்படி டீச்சரைக் கெஞ்சினாள். டீச்சர் வாய் திறப்பதற்குள் மாணவியே அந்த ஊர் மொழியில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பேசினாள்.

"எங்கிட்ட சொல்ல வேண்டாம். பஸ்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. அதே சத்தத்துல."

9.56. வீட்டுக்காரம்மாள் பஸ் படியில் ஏறினாள்.