விழுங்கியதற்குச் சாட்சி

காலை ஆறு மணிக்கு ஏழாம் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். திருப்பூர் பின்னலாடை ஆலைகள் தம் தொழிலாளர்களுக்கு எழுப்பிய கோபுரம் அது. பூவரசி ஒவ்வொருத்தியின் உள்ளங்கையிலும் ஓர் இலைமணியை வைப்பாள். ஃபோலிக் அமில மாத்திரைக்கு அரசு சூட்டிய செல்லப்பெயர் அது. விழுங்கித் தண்ணீர் குடித்து, நாக்கைத் தூக்கிக் காட்டினால், பூவரசி தன் சாட்சிப் பலகையில் பெருவிரலை அழுத்துவாள்.

கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதமெல்லாம் கிடையாது. வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிவதற்குள் அதன் முதுகுத்தண்டு மூடியாக வேண்டுமே, அதற்கு முன்பே மருந்து உள்ளே இருக்க வேண்டாமா? விழுங்குவதைப் படமெடுக்கும் கேமரா மட்டும் கூடாது என்று பெண்கள் போராடி ஜெயித்ததால் சாட்சி வேலை வந்தது.

"உள்ள எட்டிப் பாத்தா நேத்துக் குடிச்ச கம்மங்கூழும் தெரியுதுங்களாக்கா?" என்பாள் தாமிரா, தினமும்.

"வாயை மூடு கண்ணு. இல்ல, இல்ல, தொற!" என்பாள் பூவரசி.

பதினொரு வருடத்தில் ஏழாம் கோபுரத்திலிருந்து ஒருத்திகூடத் 'தவறியவர்' ஆனதில்லை. பூவரசிக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. மாத்திரையைத் துப்பிவிட்டுக் குறையோடு பிள்ளை பெற்றவளின் பெயர் கோபுர வாசல் மின்பலகையில் ஓடும். அப்புறம் யாரும் அவள் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். நான்கு வருடம் முன்பு மூன்றாம் கோபுரத்தில் அப்படி ஓடிய பெயர் பூவரசியின் தங்கை மஞ்சரியுடையது. "முழுங்குனியா, துப்புனியா?" என்று பூவரசி கேட்டபோது மஞ்சரி தரையைப் பார்த்தாள். அன்றோடு பேச்சு முறிந்தது. பிறந்த குழந்தையின் முகத்தைக்கூடப் பூவரசி பார்க்கவில்லை.

இப்போது தாமிராவுக்கு இருபதாவது வாரம். ஸ்கேனில் குழந்தையின் இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டு மூடாமல் கிடந்தது. மருத்துவமனை பூவரசியையும் கூப்பிட்டனுப்பியது. மருத்துவர் அல்லியின் திரையில், பிரசவங்களைக் கவனிக்கும் பேறுமதி என்ற செயற்கை மூளை இரண்டே வரி எழுதியிருந்தது. 'உட்கொண்டவருக்கு இக்குறை நேராது. பதிவைத் திருத்துக.'

"வயித்துக்குள்ளயே வெச்சுத் தைக்கலாம். இருபத்தாறு வாரத்துக்குள்ள செய்யணும்" என்றார் அல்லி. "ஆனா இந்த முரண் தீராம பேறுமதி அறுவை அரங்கைத் திறக்காது."

"நான் கண்ணால பாத்தனுங்க. ஒரு நாள் விடாம முழுங்குனா."

"முழுங்கியிருப்பாங்க. மாத்திரை நிறையப் பேருக்குத் தடுக்கும், எல்லாருக்கும் தடுக்காது. யார் தப்பும் இல்லாம சிலருக்கு வரும். திட்டம் நூத்துக்கு நூறுன்னு அறிவிச்சவங்க, அந்தச் சிலருக்கு இடமே வைக்கலை."

வழி ஒன்றுதான். சாட்சி தன் கைரேகைகளை அழிக்க வேண்டும். தாய், துப்பினேன் என்று கையெழுத்திட வேண்டும். பின்னால் வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னால் குழந்தைக்கான தொடர்சிகிச்சை நின்றுவிடும்.

"அழிச்சிருங்கக்கா" என்றாள் தாமிரா. "பேரு போனாப் போகுது. என்ற கொழந்தை நடக்கறதுக்கு ஒரு வழி வேணுமல்ல."

"பொய் கண்ணு அது."

"உங்களுக்குத் தெரியுமல்ல. அது போதும்."

கரு தரித்த சமயத்துக் கைரேகைகளைப் பூவரசி ஒவ்வொரு தேதியாக அழித்தாள். காய்ச்சலில் எழமுடியாமல் கிடந்த தாமிரா கைத்தாங்கலாக வந்து விழுங்கிய நாளும் அதில் இருந்தது. அதையும் அழித்தாள். முப்பத்தாறு தேதிகள் போனதும் திரை பச்சையானது.

"இதுக்கு முன்னாடி இப்பிடி எத்தனை பேருங்க?"

"என் கையால ஒன்பது" என்றார் அல்லி. "மூணாம் கோபுரத்துப் பொண்ணு ஒண்ணு, நாலு வருஷம் இருக்கும். அக்காகிட்ட மட்டும் சொல்லிக்கறேன்னு கெஞ்சுச்சு. அக்கா சாட்சி வேலையில இருக்காங்களாம். கூடாதுன்னுட்டேன்."

பூவரசி எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நேராக மூன்றாம் கோபுரத்துக்குப் போனாள்.

கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். கால்களில் தாங்குபட்டைகள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "யாருங்க நீங்க?" என்றது. பின்னாலேயே மஞ்சரி வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

பூவரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மஞ்சு, நீ முழுங்குனே. எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை உன்ற வாயால சொல்லிரு சாமி, உன்ற கால்ல விழறேன்."

மஞ்சரி மகளின் கால்பட்டைகளைப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளில் தொங்கிய சாட்சிப் பலகையைப் பார்த்தாள். மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் மெல்லத் தள்ளினாள்.

"இல்லீங்க மேடம்" என்றாள். "துப்பிட்டனுங்க."