ஆல்வினின் குடை

ஆல்வின் கவிதையைப் படித்து முடித்தபோது ஏக்கமானியின் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

“இன்னொரு தடவை படிங்கண்ணே,” என்றாள் சோதனை அலுவலர் நஸ்ரீன்.

படித்தார். நான்கு வரிதான். செவ்வாய்க் கிரகத்துக்கு வந்த முதல் குழுவில் யாரோ குவிமாடத்துச் சுவரில் கீறிவைத்தது.

அங்கே மழை.
என் குடையைப் பிடித்தபடி
யாரோ நிற்கிறார்கள்.
இங்கே என் கை காய்ந்திருக்கிறது.

சுவரின் கீழே எண் எழுந்தது. மூன்று.

மீள்கலம் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை பூமிக்குக் கிளம்பும். திரும்புகிறவருக்கு அதில் ஒரே இருக்கை. முதலில் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஊரில் அம்மா சாகக் கிடந்தாள். அதன் பிறகுதான் ஏக்கமானி வந்தது. கவிதையைப் படிக்கிறவர் மனத்தில் எந்த இடம் எழுகிறதோ, அதைச் சுவரில் வரைந்து நூற்றுக்கு எண் போடும். பெரிய எண்ணுக்கு இருக்கை.

அந்த எண்ணுக்காகவே குடியிருப்பில் ‘ஊர்சொல்லுதல்’ தொடங்கியது. மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் தன் ஊரைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். சொல்லிக்கொண்டே இருந்தால் ஊர் மங்காது என்று நம்பினார்கள். ஆல்வினைப் போலச் சொல்ல ஆளில்லை. பதினொரு வருடமாகத் தன் கடலோர ஊரான மணப்பாட்டைச் சொன்னார். மழையில் ஊதிப்போய்த் தோளால் இடித்தால்தான் திறக்கும் நீலக் கதவு. மீன் செதிலைச் சுரண்டும் மனைவி பிலோமி, தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிய குடை. உடைந்த குடைக்கம்பி.

அந்தப் பதினொரு வருடமும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஜெனோவா ஒருநாளும் ஊர் சொன்னதில்லை. தூத்துக்குடியில் மூன்று விடுதிகளில் மாறிமாறி வளர்ந்தவள். அங்கே அவள் குடையை யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. முதல் சோதனையில் அவளுக்கு வந்த எண் ஒன்று. அன்றிலிருந்து தினமும் அந்தக் கவிதையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லோரையும் அழவைக்கும் நான்கு வரி, தனக்கு மட்டும் பூட்டிய வீடுபோல நின்றது. ஆனாலும் போக வேண்டும். எங்கே என்று தெரியாமலே போக வேண்டும் என்பது, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் செம்மண் தூளைப் போல அவளுக்குள் படிந்துகொண்டே வந்தது.

ஆல்வினுக்குப் பிறகு அவள் முறை. கவிதையின் இரண்டாம் வரியிலேயே சுவரில் மழை விழுந்தது. நீலக் கதவு. செதில் ஒட்டிய விரல்கள். தோளில் இடுக்கிய குடை, அதன் உடைந்த கம்பியைச் சுற்றிப் பச்சைத் தூண்டில் நரம்பு.

“தொண்ணூத்தொண்ணு,” என்றாள் நஸ்ரீன். பிறகு குரலைத் தணித்தாள். “இது ஆல்வின் அண்ணன் வீடுல்ல?”

“நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். வேற ஒண்ணும் செய்யல.”

“அதான் கெடாம இருக்கு. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மூளை அதை எடுத்துத் திருத்தித்தான் திரும்ப வைக்கும். சொல்லச் சொல்லப் படம் போயிரும், வார்த்தை மட்டும் நிக்கும். அவருகிட்ட இப்ப வார்த்தைகூட இல்ல.”

“அப்ப இருக்கை அவருக்குத்தானே?”

“யார் ஏக்கம்னுதான் விதி கேக்குது. யார் ஊருன்னு கேக்கல. மூணாம் நாள் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் மறுசோதனை இருக்கு. அதையும் பார்த்துக்குவோம்.”

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஆல்வின் அவளை நெருங்கி உட்கார்ந்தார். சிரிக்கப் பார்த்தார்.

“ஏ பிள்ளே, களவாணி. என் வீட்டையே தூக்கிட்டியாமே.”

“அண்ணே…”

“கோவமில்ல. நல்ல வேளை, உன்கிட்டயாவது கிடக்கு.” தட்டை ஓரமாக நகர்த்தினார். “எனக்கு ஒருதரம் சொல்லு. நான் சொன்னதத்தான் கேக்கேன். கண்ண மூடிக்கிடுதேன். வந்துரும்.”

அவள் தன் தட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

“குடைக்கம்பி ஒடிஞ்சுதுல்லா. அதுல நான் என்னத்தக் கட்டுனேன்? அது ஒண்ணு கிடைச்சா போதும், அதப் புடிச்சிட்டே அவ மூஞ்சிக்குப் போயிருவேன். காலையில இருந்து யோசிக்கேன். கயிறா, துணியா?”

பச்சை நரம்பு அவள் நாக்கின் நுனியில் இருந்தது. இரண்டு சொல். சொன்னால் அந்த வீடு அவருக்குள் விளக்காக எரியும், தன்னிடம் அணைந்துவிடும். பிறகு வெள்ளைச் சுவர், எண் ஒன்று, இந்தத் தட்டு, இந்தப் பெஞ்சு, சாகும்வரை. அவருக்காவது அங்கே ஒருத்தி நிற்கிறாள். தனக்கு யாருமில்லை என்பதே போவதற்கு ஒரு நியாயம் என்று மனம் சொன்னது. அது பொய் என்றும் அதே மனம் சொன்னது.

“மறந்துட்டேண்ணே,” என்றாள்.

ஆல்வின் அவளையே பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி விடு. நீ போறேல்லா. போனா அவகிட்ட கேளு,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அவ பேரு உனக்குத் தெரியுமா?” என்றார்.

தெரிந்தும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் மறுசோதனையில் ஆல்வினுக்குச் சுவரில் ஒரு புள்ளிகூட எழவில்லை. ஜெனோவா படித்தாள். மழை வந்தது. கதவு வந்தது. குடையைப் பிடித்திருந்த பெண் முதுகைக் காட்டி நின்றாள். மூன்று நாளுக்கு முன் அங்கே நின்றது பிலோமி. இன்று அவள் திரும்பியபோது குடைக்குள் இருந்த முகம் ஜெனோவாவுடையது. பச்சை நரம்பை விரல்களால் இறுக்கி மறைத்திருந்தாள்.

பதினொரு வருடம் திறக்காத கவிதை திறந்துவிட்டது. அடுத்தவர் குடையைப் பிடித்து நிற்கும் அந்த ‘யாரோ’ யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“தொண்ணூத்தெட்டு!” நஸ்ரீனின் குரலில் நிம்மதி. “நல்லதாப் போச்சுக்கா. போன தடவை யார் வீடோன்னு இருந்துச்சு. இப்ப உங்க மூஞ்சியே வந்திருச்சு. இனி யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

கண்ணாடிக்கு அப்பால் வழியனுப்ப வந்தவர்களின் வரிசையில் ஆல்வின் நின்றிருந்தார். எல்லோரையும் போலவே அவரும் கையை உயர்த்தினார்.